உபாத்தியாயர் வீட்டு அரிசி

தை மாதத்திலிருந்து மருதேவி வீட்டு அடுப்பில் கோயில் அரிசி பொங்கவில்லை. கோயில் உபாத்தியாயர் வீட்டில் கோயில் அரிசி பொங்காமல் வேறு என்ன பொங்கும் என்று கேட்டால், செஞ்சி கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்கிய அரிசி பொங்கியது. வாழ்க்கையில் முதல் முறையாக.

இது புரிய வேண்டுமானால் அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செஞ்சிக்கும் தொண்டூருக்கும் நடுவில் உள்ள அந்த ஊரில் ஒரு தெரு முழுக்க சமணர் வீடுகள். நயினார் வீடுகள் என்பார்கள். தெருக்கோடியில் தீர்த்தங்கரர் கோயில். காலையில் குளித்துவிட்டு வருகிறவர்கள் கையோடு ஒரு பிடி அரிசி கொண்டுவந்து சாமி முன்னால் குவித்துவிட்டுப் போவார்கள். ஆசையை விட்டேன், உடைமையை விட்டேன் என்று அதற்கு அர்த்தம். விட்டதை மறுபடி எடுக்கக் கூடாது. எடுத்துத் தின்றால் பாவம். அப்படியானால் அந்த அரிசி என்ன ஆகும்? பூஜை செய்கிற உபாத்தியாயர் வீட்டுக்குப் போகும். கொட்டினால் புண்ணியம், தின்றால் பாவம். புண்ணியத்துக்குத் தெரு முழுக்க ஆள் இருந்தது. பாவத்துக்கு ஒரு குடும்பத்தைக் குடிவைத்திருந்தார்கள்.

மருதேவி அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து அப்படிப்பட்ட வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். வந்தவாசிப் பக்கத்துக் கோயில் உபாத்தியாயருடைய மகள், இந்த ஊர் உபாத்தியாயர் நேமிநாதனுடைய மனைவி. அவள் பல் முளைத்து முதலில் மென்றதும் படையல் அரிசிதான். சந்தனம் ஒட்டிய அரிசி, கிராம்பு வாசம் அடிக்கும் அரிசி, பத்து வீட்டுப் பத்து ரகமும் கலந்திருப்பதால் ஒன்று குழையும்போது ஒன்று விறைத்து நிற்கும் அரிசி. கல் பொறுக்கியே அவள் கண் மங்கிவிட்டது.

நேமிநாதனுக்கு வேலை இல்லாத நாள் கிடையாது. பிள்ளை பிறந்தால் தீட்டுக் கழிக்க அவர் வேண்டும். காது குத்த, கல்யாணம் செய்ய, புது வீட்டுக்குப் பால் காய்ச்ச, செத்தால் கரை சேர்க்க அவர் வேண்டும். சென்னையில் ஃபிளாட் வாங்கியவன்கூட போன் போட்டு, “சாமி, ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போங்க” என்பான். வேலை ஆகும்வரை சாமி. இலை போடும்போது உபாத்தியாயருக்குத் தனியாக ஒரு மூலை. பெண் கொடுக்கல் வாங்கல் என்று வந்துவிட்டாலோ, ‘படையல் அரிசி தின்னவங்க.’ பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து இதே கதைதான். செஞ்சியில் திருநாதர்குன்றுப் பாறையில், உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட துறவியின் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். தொண்டூர் மலையில் முனிவர்கள் படுத்த கல்படுக்கையைக் கும்பிடுகிறார்கள். சாப்பாட்டை விட்டவருக்குக் கல்வெட்டு. அந்தத் துறவிக்கும் சாமிக்கும் விளக்கேற்றி, விழுந்ததைத் தின்று பிழைத்தவன் பெயரை எந்த ராஜாவும் எந்தப் பாறையிலும் வெட்டவில்லை.

இதையெல்லாம் மருதேவி நினைத்துப் புழுங்கியதில்லை. வாங்கி வந்த வரம் என்று இருந்துவிட்டாள். அவளைப் புழுங்க வைத்தது மகள்தான்.

சுதர்சனா ஒரே பெண். சின்ன வயதில் சாப்பிட வைப்பதற்குள் உயிர் போய்விடும். வாயைத் திறக்காது. மருதேவி சோற்றை உருட்டி, கட்டை விரலால் நடுவில் ஒரு குழி அழுத்தி, அதில் நெய்யை ஒரு சொட்டு விட்டு நீட்டினால்தான் திறக்கும். குழி இல்லாவிட்டால் தலையைத் திருப்பிக்கொள்ளும். “குழிச்சோறு குடு” என்றுதான் அதற்குப் பேச்சே வந்தது. பள்ளிக்கூடம் போகிற வயதிலும், செஞ்சிக்கு பஸ் ஏறி காலேஜ் போகிற வயதிலும், காய்ச்சல் கண்டால் குழிச்சோறுதான்.

காலேஜ் முடிக்கிற சமயத்தில் தர்மகர்த்தா நயினாருடைய மகன் ஜினேஷ் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்றான். செஞ்சி கடைத்தெருவில் உரக்கடை வைத்திருந்தான், நல்ல பையன், தானே வீட்டில் போய்ச் சொன்னான். அவன் அம்மா ஜெயசுதா மறுநாள் கோயிலுக்கு வந்தாள். சாமி கும்பிட்டாள், அரிசியைக் குவித்தாள், பிறகு பிராகாரத்தில் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்த மருதேவியிடம் வந்தாள். குரலை உயர்த்தவில்லை. அவள் எப்போதுமே குரலை உயர்த்தமாட்டாள்.

“மருதேவி, உன் பொண்ணு தங்கமான பொண்ணு. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா நாங்க விட்டதைத் தின்ன ஒடம்பு அது. அதும் வயித்துல என் பேரப்புள்ள எப்படி வளரும், நீயே சொல்லு.”

மருதேவி சந்தனக் கட்டையை மறுபடி கல்லில் தேய்க்க ஆரம்பித்தாள். தூணுக்கு அந்தப் பக்கம் சுதர்சனா பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். ஜினேஷுக்கு அடுத்த வருஷமே வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. நேமிநாதன்தான் மந்திரம் சொல்லி நடத்தி வைத்தார். வேறு யார் நடத்துவது?

அதற்குப் பிறகு சுதர்சனா ஒரு வேளைச் சாப்பாடு என்று ஆரம்பித்தாள். பிறகு தரையில் படுக்கை. கர்நாடகத்திலிருந்து வந்த மாதாஜிகள், அதாவது பெண் துறவிகள், மழைக்காலம் முழுக்க அந்தப் பக்கம் தங்கியபோது அவர்கள் பின்னாலேயே போய் உட்கார்ந்தாள். ஒரு நாள் வந்து, “அம்மா, நான் தீட்சை வாங்கிக்கறேன்” என்றாள். பெற்றவர்கள் சம்மதம் சொன்னால்தான் தீட்சை. நேமிநாதன் சாமி காரியம் என்று தலையசைத்துவிட்டார். மருதேவிதான் மூன்று நாள் பிடிவாதம் பிடித்தாள். கடைசியில் மகளே வழியை அடைத்தாள். “இங்க இருந்தா நான் இன்னாவா இருப்பேன், சொல்லும்மா” என்று கேட்டாள். மருதேவி சம்மதம் என்றாள்.

தீட்சை நடந்தது கர்நாடகத்தில். ஊரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு போனார்கள். வேனுக்குப் பணம் போட்டது தர்மகர்த்தா குடும்பம். பெண்ணுக்குப் பட்டு உடுத்தி, நகை போட்டு ஊர்வலம் விட்டு, பிறகு எல்லாவற்றையும் கழற்றினார்கள். நீளமான கூந்தல் அவளுக்கு. அதைக் கத்தரிக்கோல் இல்லாமல் கையாலேயே பிடி பிடியாகப் பிடுங்கினார்கள். அவள் முகம் சுளிக்கவில்லை. மருதேவி பார்க்க முடியாமல் பந்தல் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளைப் புடவையோடு சுசாந்தமதி மாதாஜி என்ற புதுப்பெயரில் மகள் எழுந்து நின்றபோது, முதலில் போய் விழுந்து கும்பிட்டது ஜெயசுதா. கண்ணீர் விட்டு அழுதுகொண்டு, “எங்க ஊரு பொண்ணு” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மருமகளாக வீட்டுக்குள் வரக் கூடாத உடம்பு, காலில் விழுந்து கும்பிடுகிற உடம்பாக மாறிவிட்டிருந்தது. அன்றைக்கு மருதேவிக்கு வயிறு எரிந்த எரிச்சல் இன்றுவரை அணையவில்லை.

அதற்கப்புறம் மகளை வாட்ஸ்அப் குரூப்பில்தான் பார்த்தாள். எந்த ஊரில் இருக்கிறார்கள், எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று சமண குரூப்பில் போட்டோ வரும். நேமிநாதன் போனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள். ஒவ்வொரு போட்டோவிலும் எலும்பு கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

தை மாதம் குரூப்பில் செய்தி வந்தது. மாதாஜிகள் நடையாக வந்தவாசி வழியாக வருகிறார்கள், பங்குனியில் நம் ஊருக்கு வருகிறார்கள். அன்று சாயங்காலமே மருதேவி கோயில் அரிசிப் பானையைக் கவிழ்த்தாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். மகள் கையில் ஒரு வேளை சோறு போட வேண்டும். துறவிகள் நாளுக்கு ஒருமுறைதான் சாப்பிடுவார்கள், அதுவும் கையில் வாங்கித்தான். பாத்திரம் கிடையாது. காலையில் கோயிலிலிருந்து புறப்பட்டுத் தெருவில் நடப்பார்கள். மடியாக இருப்பவர்கள் வாசலில் நின்று அழைப்பார்கள். துறவிகள் மனதுக்குள் ஏதோ ஓர் அடையாளம் வைத்துக்கொண்டு வருவார்கள், அது எந்த வாசலில் தெரிகிறதோ அங்கே நிற்பார்கள். தெரியாவிட்டால் அன்றைக்குப் பட்டினி. நின்று, உள்ளே போய், சாப்பிடும்போது ஒரு முடி வந்தாலோ எறும்பு செத்துக் கிடந்தாலோ அழுகைச் சத்தம் கேட்டாலோ அதோடு சரி. கையை உதறிவிட்டு எழுந்துவிடுவார்கள். மறுநாள் காலைவரை தண்ணீர்கூடக் கிடையாது. அதற்கு அந்தராயம் என்று பெயர். எந்த வீட்டில் அந்தராயம் ஆகிறதோ அந்த வீட்டுக்காரர்கள் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வருஷக்கணக்காகும்.

அப்படி வாசலில் நிற்கும் பாக்கியம் உபாத்தியாயர் வீட்டுக்கு இருந்ததில்லை. படையல் அரிசி பொங்கும் அடுப்பு சுத்தமில்லாத அடுப்பு.

அதனால்தான் கடை அரிசி. கோயில் அரிசியை அப்படியே எடுத்துப் பக்கத்துக் காலனியிலிருந்து பால் கொண்டுவரும் பூவாயிக்குக் கொடுத்தாள். அடுப்பை இடித்துவிட்டுப் புதிதாகப் பூசினாள். பித்தளைப் பாத்திரம் புதிதாக வாங்கினாள். பூவாயிக்கு இந்தக் கூத்து ஒன்றும் புரியவில்லை.

“நீ பெத்த பொண்ணு. அதுக்கு ஒரு வாய் சோறு போட அடுப்பை இடிக்கணுமா?”

“இப்ப அவங்க என் பொண்ணு இல்லை, பூவாயி.”

“அப்ப யாரு பொண்ணாம்?”

மருதேவி பாலை வாங்கி வடிகட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தர்மகர்த்தா நயினார் விஷயத்தைக் கேள்விப்பட்டதும் நேமிநாதனைக் கூப்பிட்டு, “வேணாம் உபாத்தியாரே, வழக்கம்னு ஒண்ணு இருக்குது” என்றார். நேமிநாதன் அதிர்ந்து பேசாத மனிதர். ஊர்க்காரர்கள் சொன்னதற்கு மறுபேச்சு பேசியதாகச் சரித்திரமே கிடையாது. அன்றும் பேசவில்லை. ஆனால் மறுநாள் டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு, மாதாஜிகள் தங்கியிருந்த தொண்டூருக்குப் போனார். பெரிய மாதாஜியின் முன்னால் கைகட்டி நின்று கேட்டார். அந்த அம்மாள் கன்னடக்காரர், திக்கித் திக்கித் தமிழ் பேசுபவர். “அடுப்பு சுத்தம்னா நிக்கலாம். எந்த வாசல்ல நிக்கறதுன்னு நாங்க சொல்ல மாட்டோம்” என்றார். மகள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். தலை நிமிரவில்லை. உப்பை விட்டுவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். வீட்டுக்கு வந்து நேமிநாதன் அதையும் சொன்னார். “சோத்துல உப்பு போடாத.”

தர்மகர்த்தா இறங்கி வந்தார், ஆனால் ஒரு முள்ளை வைத்துவிட்டுத்தான் வந்தார். “பெரிய மாதாஜியே சொன்னப்புறம் நான் யாரு தடுக்க. ஆனா உங்க வீட்ல ஒரு தடங்கல்னா அது ஊருக்கே கெட்ட பேரு. அப்புறம் என்னை ஒண்ணும் கேக்கக் கூடாது.”

நேமிநாதன் மனைவியிடம் ஒரே ஒரு எச்சரிக்கைதான் செய்தார். “அழுதுடாத மருதேவி. சத்தம் கேட்டா கையை மூடிக்குவாங்க. அவங்க கண்ல தண்ணி வந்தாலும் அதோட முடிஞ்சுபோச்சு.”

அழாமல் இருக்க மருதேவி பழகினாள். தினம் மகளுடைய போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பாள். முதலில் உடனே கண் நிறைந்தது. மாசி முடிவதற்குள் சுவரைப் பார்ப்பதுபோலப் பார்க்க முடிந்தது. அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. பாவி, தன் கண்ணை மட்டும்தான் கணக்கில் எடுத்துக்கொண்டாள்.

மாதாஜிகள் வந்த மறுநாள் காலை தெரு திருவிழாபோல இருந்தது. என்ன அடையாளம் நினைத்துக்கொண்டு வருவார்களோ என்று ஆளுக்கொன்றாகக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் தேங்காய், ஒருவர் மாம்பழம், ஒருவர் தாமரைப் பூ. ஜெயசுதா வெள்ளிக் கலசம் வைத்துக்கொண்டு, ஜினேஷையும் நிறைமாதமாக இருந்த மருமகளையும் இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்தாள். தெருக்கோடியில் கோயிலை ஒட்டிய சின்ன வீட்டு வாசலில் மருதேவி. தலைமுடி ஒன்றுகூட வெளியே தெரியாமல் ஈரத்துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். கையில் ஒரு செம்புத் தண்ணீர், அவ்வளவுதான். பக்கத்தில் நேமிநாதன்.

பெரிய மாதாஜி நாலாவது வீட்டில் மாம்பழத்தின் முன்னால் நின்றுவிட்டார். சுதர்சனா நடந்து வந்தாள். சாப்பாட்டுக்குப் புறப்பட்ட துறவி என்பதற்கு அடையாளமாக வலது கை தோளில், இடது கையில் மயில்பீலிக் கட்டு. பார்வை தரையில். ஜெயசுதாவின் வாசல் நெருங்கியது.

“வந்தாமி மாதாஜி, வந்தாமி. நில்லுங்கம்மா, இங்க நில்லுங்கம்மா.” ஜெயசுதாவின் குரல் அன்றைக்கு உயர்ந்தது. கெஞ்சியது. நாலு வருஷத்துக்கு முன் எந்தப் பெண் தன் வாசற்படி ஏறக் கூடாது என்றாளோ அதே பெண்ணைப் பார்த்துத்தான் கெஞ்சினாள். அதில் பொய் இல்லை, அதுதான் கொடுமை. உண்மையான பக்தியோடுதான் கெஞ்சினாள்.

சுதர்சனா ஒரு கணம் வேகம் குறைத்தாள். பிறகு கடந்துவிட்டாள்.

மருதேவி செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நேமிநாதன்தான், “வந்தாமி மாதாஜி, வந்தாமி” என்றார். பெற்ற மகளைப் பார்த்து, வணங்குகிறேன் என்று அப்பன் சொல்கிறான். அந்தக் காலடிகள் வந்தன, வெடித்த குதிகாலோடு. அவர்கள் வாசலுக்கு நேராக வந்து நின்றன.

இருவரும் மகளை மூன்று முறை சுற்றி வந்தார்கள். உள்ளே அழைப்பதற்கு முன் சொல்ல வேண்டிய வாக்கை மருதேவி சொன்னாள். “மனசு சுத்தம், சொல்லு சுத்தம், ஒடம்பு சுத்தம், சோறும் தண்ணியும் சுத்தம். உள்ள வாங்க.” குரல் நடுங்கவில்லை. பழகியது வீண்போகவில்லை.

மணையில் உட்கார வைத்துக் காலைக் கழுவினார்கள். பார்ப்பதற்குப் பத்துப் பேர் வாசல்படியில் வந்து நின்றுவிட்டார்கள், முன்னால் ஜெயசுதா. சுதர்சனா இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். நேமிநாதன் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றினார். ஒரு வாய் குடித்தாள். தொண்டையில் அது இறங்குவது வெளியே தெரிந்தது, அவ்வளவு மெலிந்திருந்தாள்.

அடுத்தது சோறு. மருதேவி உப்பில்லாத சோற்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தாள். முடி இல்லை, கல் இல்லை, பூச்சி இல்லை. உருட்டினாள். நெய்க் கரண்டியை எடுத்தாள்.

கை அதன் பழக்கத்துக்கு வேலை செய்தது. கட்டை விரல் போய் நடுவில் ஒரு குழி அழுத்தியது. அதில் நெய் ஒரு சொட்டு விழுந்தது. அதை அப்படியே மகள் கையில் வைத்தாள். வைத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரிந்தது.

சுதர்சனா கையைப் பார்த்தாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த முகத்தில் ஒன்றும் அசையவில்லை. தலைமுடியைப் பிடுங்கியபோது அசையாத முகம். ஆனால் கண் நிறைந்தது. நிறைந்து, ஒரே ஒரு சொட்டு, கையிலிருந்த சோற்றின்மேல் விழுந்தது.

குனிந்திருந்த மருதேவிக்கு மட்டும் அது தெரிந்தது. சுதர்சனா கையைப் பிரித்தாள். கவளம் கீழேயிருந்த தட்டில் விழுந்தது. எழுந்துவிட்டாள்.

“அந்தராயம்” என்று யாரோ பின்னால் சொன்னார்கள். “இன்னா ஆச்சு?” என்றாள் ஜெயசுதா. “இன்னா வந்துச்சு சோத்துல? சொல்லு மருதேவி.”

மருதேவி மகளைப் பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் துறவி வாய் பேசக் கூடாது. சுதர்சனா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொல்லலாம். அம்மா கையைப் பார்த்ததும் மாதாஜி அழுதுவிட்டார் என்று சொல்லலாம். சொன்னால் சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் குரூப்பில் ஏறிவிடும். வீட்டைப் பார்த்ததும் உருகிப்போய்விட்டாள், இதுவா துறவு, என்ன இருந்தாலும் உபாத்தியாயர் வீட்டுப் பெண்தானே என்பார்கள். எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்ட பிறகு மகளிடம் மிச்சம் இருந்தது அந்தத் துறவு ஒன்றுதான்.

“முடி” என்றாள் மருதேவி. “என் முடிதான். நான் சரியா பாக்கலை.”

தலையை ஈரத்துணியால் அப்படி இறுக்கியிருந்தவளிடமிருந்து முடி எப்படி விழுந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. உபாத்தியாயர் வீடு என்றால் நம்புவது சுலபம். “நான் அப்பவே சொன்னேன்” என்று தர்மகர்த்தாவின் குரல் கேட்டது. ஜெயசுதா தலையில் அடித்துக்கொண்டாள். “இந்த வெயில்ல நாளைக்கு வரைக்கும் தண்ணி இல்லாம இருப்பாங்களே, பாவி.” சுதர்சனா மட்டும் ஒருமுறை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை மருதேவி அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு பீலியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள்.

சாப்பாடு முடிந்தபின் மீதி இருப்பதைப் பிரசாதம் என்று அடித்துப் பிடித்து வாங்குவது வழக்கம். அன்று கூட்டம் கலைந்தது. யாரும் வாங்கவில்லை. கீழே விழுந்த அந்தக் கவளத்தை மட்டும் மருதேவி ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்தாள். அன்று அவளும் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை.

பொழுது சாய்வதற்கு முன் பெரிய மாதாஜி கூப்பிட்டு அனுப்பினார். கோயில் மண்டபத்தில் தூணோரமாக அவர் உட்கார்ந்திருந்தார். தள்ளி, சுவரைப் பார்த்தபடி சுதர்சனா.

“முடி இல்லை. அவ வந்து சொல்லிட்டா” என்றார் பெரிய மாதாஜி. “வாக்கு சுத்தம்னு சொன்ன வாய். ஏன் பொய் சொன்னே?”

“அவங்களுக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னு.”

“அவளைக் காப்பாத்தறது உன் வேலை இல்லை, அம்மா. அது முடிஞ்சாச்சு.” கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் வலித்தது. “பிராயச்சித்தம் குடுத்திருக்கேன். நாளைக்கும் பட்டினி. அதோட, பிறந்த ஊர்ப் பக்கம் அவ இனிமே வரமாட்டா.”

மருதேவி ஓரடி முன்னால் வந்தாள். “நாளைக்கும் பட்டினின்னா, நடக்கணுமே அம்மா. நீங்க குடுத்தது ரொம்ப அதிகம்.”

“பட்டினி நான் குடுத்தது. ஊர்ப் பக்கம் வராததை அவளே கேட்டு வாங்கிக்கிட்டா.”

சுவரைப் பார்த்திருந்த முதுகு திரும்பவில்லை. புடவைக்குள் முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. “ஒரு வார்த்தை பேசலாமா?” என்று மருதேவி கேட்டாள். “மௌனத்துல இருக்கா” என்றார் பெரிய மாதாஜி.

விடிந்ததும் மாதாஜிகள் மண்டகப்பட்டு பக்கமாகப் புறப்பட்டார்கள். ஊர் எல்லைவரை எல்லாரும் கூட நடந்தார்கள். சுதர்சனாவின் கமண்டலத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பாக்கியம் ஜெயசுதாவுக்குக் கிடைத்தது. எல்லையில் வரிசையாகக் குனிந்தவர்கள் எல்லாருக்கும் சுதர்சனா பீலியை அசைத்து ஆசி கொடுத்தாள். ஜெயசுதாவுக்கு எப்படியோ ஜினேஷுக்கு எப்படியோ அப்படியே நேமிநாதனுக்கும் மருதேவிக்கும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு தார்ச் சாலையில் வெறுங்காலோடு நடந்து போனாள். மருதேவி பார்த்துக்கொண்டே நின்றாள். மகள் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது ஜெயசுதா நேமிநாதனிடம், “சாமி, வெள்ளிக்கிழமை மருமகளுக்கு ஒரு பூஜை பண்ணணும். காலைலயே வந்துடுங்க” என்றாள். மருதேவியின் பக்கம் திரும்பவில்லை. நேமிநாதன் சரி என்று தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்த மருதேவி கிண்ணத்தைத் திறந்தாள். ராத்திரி தங்கிய சோறு. லேசாகப் புளித்த வாசம் வந்தது. ராத்திரி தங்கிய சோற்றில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பிறந்துவிடும், தின்பது பாவம். படையல் அரிசி தின்றது பிறவியில் வந்தது, அதற்கு அவள் பொறுப்பில்லை. ஆனால் பழஞ்சோறு தின்றதில்லை, இருட்டியபின் தின்றதில்லை, வடிகட்டாத தண்ணீர் குடித்ததில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு விதியை அவள் மீறியதில்லை.

கவளத்தில் அந்தக் குழி இன்னும் இருந்தது. ஓரம் இடிந்து, நெய் உறைந்து.

நேமிநாதன் கோயிலிலிருந்து காலைப் படையல் அரிசியைத் துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அவள் கையில் இருப்பதைப் பார்த்து நின்றார்.

“நேத்துச் சோறு அது, மருதேவி.”

“தெரியும்.”

“தோஷம்.”

“அந்தத் துண்டை அங்க வைங்க. இன்னிக்கு அதைத்தான் பொங்கணும். கடை அரிசி இனிமே எதுக்கு.”

அவர் துண்டைக் கீழே வைத்தார். அவள் கவளத்தை வாயில் போட்டாள். உப்பில்லை. மென்றாள், மெதுவாக, கடைசிப் பருக்கை வரை. அவளை நடுவில் நிறுத்த எந்த அந்தராயமும் வரவில்லை. அழுகைச் சத்தம் கேட்டால் நிறுத்த வேண்டும் என்பார்கள், அது கேட்கத்தான் செய்தது. நேமிநாதன் அடுப்பின் பக்கம் திரும்பி நின்றுகொண்டு வாய்விட்டு அழுதார். அவள் நிறுத்தாமல் தின்று முடித்தாள்.